பப்பாளியில் ஒன்று, வெண்டையில் வேறொன்று

வாசகர் கடிதம்: "எங்கள் தோட்டத்தில் நான்கு பப்பாளி மரங்கள். பக்கத்தில் செம்பருத்தி வேலி, அதைத் தாண்டி வெண்டைப் பாத்தி. பப்பாளியில் மாவுப்பூச்சி அப்பிக்கிடந்தபோது ஒட்டுண்ணிக் குளவி வாங்கி விட்டோம். நான்கு மாதத்தில் மரங்கள் தெளிந்துவிட்டன. ஆனால் வெண்டையில் மாவுப்பூச்சி நாளுக்கு நாள் கூடுகிறது. செம்பருத்தியிலும் இருக்கிறது. பப்பாளியிலிருந்து தப்பியதுதான் இங்கே வந்துவிட்டதா? குளவி ஏன் வெண்டைக்குப் போக மறுக்கிறது? பப்பாளியை வெட்டிவிட்டால் தொல்லை தீருமா? வெண்டைப் பூச்சியின் முதுகில் கருப்பாக ஏதோ தெரிகிறது என்கிறாள் என் மகள். செம்பருத்தியில் பெரிய மாவுப்பூச்சிகள் சில வேகமாக ஓடுகின்றன. பார்க்கும்போதெல்லாம் நசுக்கிவிடுகிறேன்."

அன்புள்ள வாசகருக்கு,

முதலில் ஒரு வேண்டுகோள். செம்பருத்தியில் ஓடுகிறவற்றை நசுக்குவதை இன்றே நிறுத்துங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். கடிதத்தை இதுவரை படித்துவிட்டு நீங்கள் தோட்டத்துக்குப் போய்விட்டாலும் அந்த ஒன்றாவது நடக்க வேண்டும் என்பதால் முதலிலேயே எழுதுகிறேன்.

இனி உங்கள் கேள்வி. விடை உங்கள் மகளின் கண்ணில் பட்டுவிட்டது. பப்பாளியில் இருந்ததும் வெண்டையில் இருப்பதும் ஒரே பூச்சி அல்ல என்றே நினைக்கிறேன். முதலாவது பப்பாளி மாவுப்பூச்சி, அறிவியல் பெயர் பாராகாக்கஸ் மார்ஜினேட்டஸ். இரண்டாவது பருத்தி மாவுப்பூச்சி, ஃபீனாகாக்கஸ் சொலனாப்சிஸ். இரண்டும் வெள்ளைப் பொடி பூசியவை. ஊசி போன்ற வாயைச் செடிக்குள் செருகிச் சாற்றை உறிஞ்சுவதும், இனிப்பான கழிவை வெளியேற்றுவதும், அதன்மேல் கரும்பூசணம் படர்வதும், அந்த இனிப்புக்கு எறும்பு வந்து சேர்வதும் இரண்டிலும் ஒன்றே. இத்தனை ஒற்றுமை இருக்கும்போது ஒன்றை மற்றதாக எண்ணியதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. ஆனால் உங்கள் குளவியால் அப்படி ஏமாற முடியாது. அது வெண்டைக்குப் போக மறுக்கவில்லை, அங்கே அதற்கு வேலை இல்லை.

நீங்கள் விட்டது அநேகமாக அசிரோபேகஸ் பப்பாயே என்ற மிகச் சிறிய குளவியாக இருக்கும். பப்பாளி மாவுப்பூச்சிக்கென்றே வளர்த்துத் தருவது அதைத்தான். இளம் மாவுப்பூச்சியின் உடலுக்குள் அது முட்டை வைக்கும். குளவியின் புழு உள்ளேயே தின்று வளர்ந்து, பூச்சியை வெறும் கூடாக்கிவிட்டுத் துளையிட்டு வெளியே வரும். பூச்சியின் உடலுக்குள்ளேயே வாழ வேண்டியிருப்பதால் அந்த உடலின் எதிர்ப்பைச் சமாளிக்கும் திறன் குளவிப்புழுவுக்கு வேண்டும். பெரும்பாலான ஒட்டுண்ணிக் குளவிகளிடம் ஒரு குறிப்பிட்ட பூச்சிக்கான திறன்தான் உண்டு. வேறு மாவுப்பூச்சியில் வைக்கும் முட்டை பிழைப்பது அரிது. அதனால் தாய்க் குளவி அதைத் தேடிப் போவதும் இல்லை. பருத்தி மாவுப்பூச்சிக்கு வேறு குளவி உண்டு. அதன் பெயர் ஏனாசியஸ் அரிசோனென்சிஸ். உங்கள் தோட்டத்தில் அது இன்னும் போதிய அளவில் வந்து சேரவில்லை.

ஆகவே எது எது என்று உறுதி செய்துகொள்வதில்தான் எல்லாம் இருக்கிறது. பத்து மடங்கு பெரிதாக்கும் கைவில்லை ஒன்றும், மெல்லிய தூரிகை ஒன்றும் போதும். முழுதாக வளர்ந்த பெண் பூச்சிகளை மட்டும் பாருங்கள், குஞ்சுகளைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். குஞ்சு நிலையில் எனக்கும் சட்டென்று பிரித்துச் சொல்ல வராது.

பப்பாளி மாவுப்பூச்சியின் உடல் மஞ்சள். மேலே உள்ள பொடி மெல்லியது, அதனூடாக மஞ்சள் நிறம் தெரியும். நீளம் சுமார் 2 மில்லிமீட்டர். முதுகு முழுக்க ஒரே சீராக இருக்கும், புள்ளியோ கோடோ கிடையாது. ஓரத்தில் சுற்றிலும் குட்டையான மெழுகு இழைகள், பின்புற இழைகளும் குட்டைதான். பருத்தி மாவுப்பூச்சி அதைவிடப் பெரியது, 3 முதல் 5 மில்லிமீட்டர் வரை வரும். பொடி பூசிய அதன் முதுகில் பொடி இல்லாத கரும்புள்ளிகள் ஜோடி ஜோடியாகத் தெரியும். நெஞ்சுப் பகுதியில் இருப்பவை புள்ளிகளாகவும், வயிற்றுப் பகுதியில் இருப்பவை சற்று நீண்ட தீற்றல்களாகவும் இருக்கும். அப்போதுதான் தோலுரித்த பூச்சியில் இவை எடுப்பாகத் தெரியாது. அதனால் ஒன்றிரண்டைப் பார்த்துவிட்டு எழுந்துவிடாமல் பத்துப் பதினைந்து பூச்சிகளையாவது பாருங்கள்.

மகளிடம் ஒன்று கேளுங்கள்: அவள் பார்த்தது விட்டுவிட்டு இருந்த புள்ளிகளா, தலைப்பக்கத்திலிருந்து வால்பக்கம் வரை ஓடும் இரண்டு கோடுகளா? கோடுகள் என்றால், கூடவே இரண்டு நீண்ட வால் இழைகளும் உடலெங்கும் கண்ணாடி நார் போன்ற இழைகளும் இருந்தால், அது ஃபெரிசியா விர்கேட்டா என்ற மூன்றாவது பூச்சி, வரி மாவுப்பூச்சி. அப்படியானால் நான் கீழே எழுதுவதில் பாதி உங்களுக்குப் பொருந்தாது, மறுபடி எழுதுங்கள். புள்ளிகள் என்றால் தொடர்ந்து படியுங்கள்.

எந்தச் செடியில் இருக்கிறது என்பதை வைத்துப் பெயர் சொல்லாதீர்கள். "பப்பாளி", "பருத்தி" என்ற பெயர்கள் இதில் பலரைத் தடுமாற வைக்கின்றன. பப்பாளி மாவுப்பூச்சி மரவள்ளியிலும் மல்பெரியிலும் காட்டாமணக்கிலும் வாழும். பருத்தி மாவுப்பூச்சி வெண்டை, கத்தரி, தக்காளி, சூரியகாந்தி, துத்தி என்று போகும், அதன் உணவுச் செடிகளின் பட்டியல் இருநூறைத் தாண்டும். பார்த்தீனியமும் செம்பருத்தியும் இரண்டுக்கும் பொது. உங்கள் வேலியில் இரண்டும் ஒரே கிளையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். பப்பாளிக்கும் வெண்டைக்கும் நடுவே அந்த வேலி இருப்பதால், பூச்சி அதன் வழியாகத்தான் கடந்து போயிற்று என்று உங்களுக்குத் தோன்றியிருக்கிறது.

சாராயத்தில் போட்டால் நிறம் மாறும் என்று சிலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். உண்மைதான், பப்பாளி மாவுப்பூச்சி சாராயத்தில் நீலம் கலந்த கருப்பாகிவிடும். துணைச் சான்றாக வைத்துக்கொள்ளலாம். அதை மட்டும் நம்பிப் பெயர் வைக்க வேண்டாம்.

இந்த இரண்டுக்கும் இடையே எனக்கு மிக முக்கியமாகப் படும் வேறுபாடு உருவத்தில் இல்லை, குஞ்சு பிறக்கும் விதத்தில் இருக்கிறது. பப்பாளி மாவுப்பூச்சி தன் உடலுக்கு அடியிலும் பின்னாலும் பஞ்சு போன்ற நீண்ட முட்டைப்பையைக் கட்டும். அது உடலைப் போல மூன்று நான்கு மடங்கு நீளம் வரும். உள்ளே பசுமை கலந்த மஞ்சள் முட்டைகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். அவை பொரிய ஏறக்குறைய பத்து நாள் ஆகும். அந்தப் பத்து நாளும் பஞ்சு மெத்தைக்குள் இருக்கும் முட்டையை எந்தத் தெளிப்பும் சரியாகத் தொடாது. பப்பாளி இலையின் அடியில் நரம்பை ஒட்டிக் கட்டியாகத் தெரியும் வெள்ளையில் பெரும்பகுதி பூச்சியே அல்ல, இந்தப் பைகள்தான்.

பருத்தி மாவுப்பூச்சி இப்படிக் காத்திருப்பதில்லை. அதன் முட்டை தாயின் உடலுக்குள்ளேயே வளர்ந்து முடிந்துவிடும். வெளியே வந்த சில நிமிடங்களிலோ ஒரு மணி நேரத்துக்குள்ளோ குஞ்சு நடக்கத் தொடங்கும். குட்டி போடுகிறது என்றே சொல்லிவிடலாம். ஒரு தாய் நூற்றைம்பது முதல் அறுநூறு வரை ஈனும். ஆகவே தெளிப்புக்குத் தப்பிக்கும் முட்டைப் பருவம் என்று அதற்குத் தனியாக ஒன்று இல்லை. ஆனால் எந்த நாளில் பார்த்தாலும் எல்லா வயதுக் குஞ்சுகளும் கலந்தே இருக்கும்.

இதிலிருந்து செய்முறை தானாக வருகிறது. மாவுப்பூச்சி பலவீனமாக இருப்பது முதல் பருவத்தில் மட்டும்தான். அப்போது உடலில் மெழுகு இல்லை, கால்கள் உண்டு, இடம் தேடி ஊர்ந்துகொண்டிருக்கும். உட்கார்ந்து மெழுகு பூசிக்கொண்ட பிறகு நீர்க்கரைசல் அதன் முதுகில் ஒட்டாமல் உருண்டு ஓடிவிடும். பப்பாளிப் பூச்சிக்கு ஒருமுறை தெளித்துவிட்டு நிறுத்தினால், பைக்குள் இருந்தவை அடுத்த வாரம் பொரிந்து வந்து மறுபடி மரத்தை நிரப்பும். ஆகவே ஏழு முதல் பத்து நாளில் இரண்டாம் முறை அவசியம். பருத்திப் பூச்சிக்கு நாள் கணக்கு அவ்வளவு முக்கியம் இல்லை, எங்கே தெளிக்கிறீர்கள் என்பதே முக்கியம்.

அந்த இடத்தை அதன் பெயரே காட்டிக்கொடுக்கிறது. 1898-இல் டின்ஸ்லி என்ற பூச்சியியலாளர் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் இதைக் கண்டெடுத்து விவரித்தபோது, இது செடியின் வேரில், சொலனாப்சிஸ் என்ற தீ எறும்பின் புற்றுக்குள் இருந்தது. அதனால்தான் எறும்பின் பெயர் இதற்கு வந்தது. இன்றும் இந்தப் பூச்சி நுனிக் குருத்திலும் தண்டிலும் மட்டும் இருப்பதில்லை. தண்டு மண்ணைத் தொடும் தூர்ப்பகுதியிலும் அதற்குக் கீழே வேரிலும் ஒளிந்திருக்கும். மேலே தெளித்துச் சுத்தம் செய்த வெண்டை பத்து நாளில் மறுபடி வெள்ளையாவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஒரு வெண்டைச் செடியின் தூரில் மண்ணை விரலால் விலக்கிப் பாருங்கள். எறும்புகள் குழுமியிருந்தால் அதற்கு அடியில் பூச்சி இருக்கும்.

வெப்பத்திலும் இரண்டும் வேறு. பப்பாளி மாவுப்பூச்சி ஆய்வகத்தில் 18 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை வாழ்க்கைச் சுழற்சியை முடிக்கிறது. 34 டிகிரியிலேயே வைத்திருந்தால் முட்டை பொரிந்தாலும் வளர்ச்சி முடிவதில்லை. பருத்தி மாவுப்பூச்சிக்கோ சூடான வறண்ட காலம்தான் கொண்டாட்டம். கோடையில் ஒன்று தணிந்து மற்றது பெருகினால், ஒரே பூச்சி இடம் மாறியது போலத்தான் தோன்றும். உங்கள் தோட்டத்தில் குளவியும் சேர்ந்து அந்த மாற்றத்தை இன்னும் தெளிவாகக் காட்டியிருக்கிறது.

இந்தக் குளவிகளின் கதையைச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியவில்லை. பப்பாளி மாவுப்பூச்சியின் மாதிரிகள் 1955-லேயே மெக்சிகோவில் சேகரிக்கப்பட்டும், அதற்கு முறையான பெயர் கிடைத்தது 1992-இல்தான். அதன் சொந்த மண்ணில் அதை யாரும் பெரிய தொல்லையாகக் கருதாததுதான் காரணம். அங்கே அதைத் தின்னும் குளவிகள் கூடவே இருந்தன. பிறகு கரீபியத் தீவுகளுக்கும், 1998-இல் ஃபுளோரிடாவுக்கும் பரவி, 2008-இல் கோவையில் கண்டறியப்பட்டது. பூச்சி மட்டும் பயணம் செய்தது, எதிரி வரவில்லை. பப்பாளி, மரவள்ளி, மல்பெரித் தோட்டங்கள் வெள்ளையாகிக் கிடந்தன. எவ்வளவு மருந்து அடித்தும் நிற்கவில்லை. 2010-இல் புவெர்ட்டோ ரிக்கோவில் வளர்த்த மூன்று வகைக் குளவிகளை இந்தியாவுக்குக் கொண்டுவந்து பெருக்கி விட்டார்கள். அவற்றில் அசிரோபேகஸ்தான் நன்றாக நிலைத்தது. சில மாதங்களில் மரங்கள் துளிர்த்தன. உங்கள் நான்கு மரங்களில் நடந்ததும் அதே கதைதான்.

பருத்தி மாவுப்பூச்சி 2005 வாக்கில் பாகிஸ்தானிலும் இந்தியாவிலும் பருத்தி வயல்களைச் சூறையாடியது. அதற்குக் குளவியை யாரும் விமானத்தில் கொண்டுவரவில்லை. 2008 வாக்கில் வயல்களில் செத்துக் கிடந்த பூச்சிகளுக்குள்ளிருந்து ஒரு குளவி வெளிவருவதைக் கண்டார்கள். 2009-இல் அதைப் புதிய இனம் என்று பெயர் சூட்டினார்கள். பின்னால்தான் அது அமெரிக்காவிலிருந்து முன்பே விவரிக்கப்பட்ட ஏனாசியஸ் அரிசோனென்சிஸ் என்று தெரிந்தது. தன் இரையைத் தொடர்ந்து கடல் கடந்து தானாகவே வந்திருக்கிறது. இத்தனை ஆண்டுகள் இந்தத் தொழிலில் இருந்தும் இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

உங்களுக்கு இதில் ஒரு பயன் உண்டு. ஏனாசியஸை எங்கிருந்தோ வாங்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது, தேடினால் போதும். துத்திச் செடிகளிலும் உங்கள் செம்பருத்தியிலும் பொடி உதிர்ந்து, உப்பி, செம்பழுப்பு நிறத்தில் தோல் தடித்துச் சிறு பீப்பாய் போல ஒட்டியிருக்கும் மாவுப்பூச்சிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அவை குளவி உள்ளே வளரும் கூடுகள். வட்டத் துளை இருந்தால் குளவி ஏற்கனவே பறந்துவிட்டது. துளை இல்லாத கூடுகள் உள்ள குச்சிகளை வெட்டி, நீர் ஊற்றிய அகலத் தட்டின் நடுவே ஒரு கல்லை வைத்து, அந்தக் கல்லின் மேல் வைத்து வெண்டைப் பாத்தியில் நிழலில் விடுங்கள். குச்சி நீரைத் தொடக்கூடாது. மாவுப்பூச்சிக் குஞ்சு நீரைத் தாண்டாது, குளவி பறந்துவிடும்.

இனி செம்பருத்தியில் ஓடுகிறவை. மாவுப்பூச்சி வேகமாக ஓடாது. வளர்ந்த பெண் பூச்சி இடத்தை விட்டு நகர்வதே அரிது. வெள்ளை மெழுகுக் கற்றைகளுடன், ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு வளர்ந்து, தொட்டால் விரைந்து நகரும் அந்தப் பூச்சி கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டின் புழு. மாவுப்பூச்சியைத் தின்பதற்கென்றே 1890-களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து கலிஃபோர்னியாவுக்குக் கொண்டுபோன வண்டு இது. அதன் புழு மாவுப்பூச்சியைப் போலவே வேடமிட்டிருக்கும். குளவியைப் போல ஒன்றைத்தான் தின்பேன் என்ற பிடிவாதம் இதற்கு இல்லை, உங்கள் இரண்டு பூச்சிகளையும் தின்னும். பஞ்சு முட்டைப்பை இருக்கும் இடத்தில் முட்டையிட விரும்பும் என்பதால் பப்பாளிப் பூச்சிக் கூட்டத்தில் அதிகம் காண்பீர்கள். தொழிலுக்கு வந்த புதிதில் நானும் ஒரு கொய்யாத் தோட்டத்தில் இவற்றைப் பெரிய மாவுப்பூச்சி என்று எண்ணி ஒரு காலை முழுவதும் பொறுக்கி அழித்திருக்கிறேன். அந்தத் தோட்டத்துக்காரர் அதற்குப் பின் பட்ட பாடு இன்னும் மனதில் இருக்கிறது. அதனால்தான் கடிதத்தின் தொடக்கத்திலேயே உங்களைத் தடுத்தேன். பொடி பூசிய தட்டையான கம்பளிப்புழு ஒன்றைக் கண்டாலும் விட்டுவிடுங்கள். அது ஸ்பால்ஜிஸ் எபியஸ் என்ற வண்ணத்துப்பூச்சியின் புழு, இலை தின்னாது, மாவுப்பூச்சிதான் அதன் உணவு. அதன் கூட்டுப்புழுவை உற்றுப் பார்த்தால் குரங்கு முகம் தெரியும், மகளுக்குக் காட்டுங்கள்.

வெண்டையில் இந்த வாரம் என்ன செய்யலாம்? அடியோடு வெள்ளையாகிச் சுருண்ட செடிகளைக் காப்பாற்ற முயல வேண்டாம். அந்த இடத்திலேயே சாக்குப்பைக்குள் போட்டுக் கட்டிவிட்டுப் பிறகு பிடுங்குங்கள். வெறும் கையில் தோட்டம் முழுக்க இழுத்துச் சென்றால் வழியெல்லாம் குஞ்சு உதிரும். மற்ற செடிகளில் நுனியையும் தண்டையும் வேகமான நீர்ப்பீச்சலால் கழுவுங்கள். மறுநாள் லிட்டருக்கு 20 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலோடு நன்றாகக் கலக்கி, இலையின் அடியிலும் தூரிலும் படும்படி மாலையில் தெளியுங்கள். தூரில் நனைய வேண்டும், மேலே மட்டும் தெளித்துத் திரும்பிவிடாதீர்கள். இதே கரைசலைப் பப்பாளிக்குத் தெளிக்க நினைத்தால் முதலில் ஓர் இலையில் மட்டும் தெளித்து இரண்டு நாள் பாருங்கள். பப்பாளி இலை எண்ணெய்க்கும் சோப்புக்கும் எளிதில் கருகும்.

எறும்பை மறந்துவிட்டால் மேலே சொன்ன எதுவும் நிலைக்காது. எறும்பு இனிப்புக்காகப் பூச்சியைக் காவல் காக்கிறது, குளவியையும் வண்டுப்புழுவையும் விரட்டுகிறது, குஞ்சுகளைச் சுமந்து இடம் மாற்றவும் செய்கிறது. செம்பருத்தியின் அடித்தண்டில் துணிப்பட்டை சுற்றி அதன்மேல் மசகு தடவுங்கள். மசகு பட்டையில் மட்டும் இருக்கட்டும், தண்டின் தோலில் வேண்டாம். வெண்டைப் பாத்தியில் தூருக்கு அருகே உள்ள புற்றுகளைக் கொத்திக் கலைத்துவிடுங்கள்.

பூச்சிக்கொல்லியைக் கையில் எடுக்க மனம் வரும், தெரியும். உங்கள் தோட்டத்தில் மட்டும் அதைச் செய்யாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். வெண்டையில் அடித்த மருந்து காற்றில் பப்பாளிக்கும் போகும். அங்கே மிச்சமிருக்கும் ஒரு சில பூச்சிகளை நம்பி வாழும் அசிரோபேகஸ் முதலில் சாகும். மெழுகுக்கு அடியில் இருக்கும் மாவுப்பூச்சி பிறகுதான் சாகும், எல்லாமும் சாகாது.

கடைசியாக, பப்பாளியை வெட்டலாமா என்ற கேள்வி. வெட்ட வேண்டாம். வெண்டைப் பூச்சிக்கு அந்த மரங்கள் காரணம் இல்லை. மேலும் உங்கள் குளவிகளின் இருப்பிடம் இப்போது அந்த மரங்களே. வேலியில் இருக்கும் பப்பாளி மாவுப்பூச்சியை அடக்கப் போகிறவையும் அங்கிருந்துதான் பறந்து வர வேண்டும். பப்பாளியின் பழைய இலைகளில் அங்கங்கே நாலைந்து மாவுப்பூச்சிகள் தெரிந்தால் துடைக்காமல் விட்டுவிடுங்கள்.